தலையணைக்கு அடுத்தது பூனை

ஸவாஹிர் ஹாஜியார் சிகரட்டை மக்காவில் விட்டுவிட்டு வந்தார் என்பது கொழும்பு வெள்ளவத்தையில் ஊரறிந்த செய்தி. அதைப் பரப்பியவரும் அவரேதான். "கஃபாவ கண்ணால கண்ட நிமிசம் நெஞ்சுக்குள்ள ஒண்டு செல்லிச்சி, இனி இது வேணாம்டு" என்று அவர் சொல்லும்போது கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். பள்ளிவாசலில் அவரை உதாரணம் காட்டி இளவட்டங்களுக்குப் புத்தி சொன்னார்கள். புறக்கோட்டையில் பித்தானும் லேஸும் விற்றே காலத்தைக் கழித்த மனிதர். யாராவது அவரை உதாரணம் காட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையை எப்படி இழப்பது?

விட்டது பொய்யில்லை. விட்டவர்தான். ஆனால் விட்ட சனியன் அடுத்த விமானத்தில் ஏறிப் பின்னாலேயே வந்துவிட்டது.

கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு பகல் பொழுது அவருக்கு இழுபட்டது. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பின்பக்கப் பல்கனிக்குப் போவார். துணி கழுவும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முக்காலி. அதில் குந்தி, ஒன்று. ஒன்றே ஒன்று. சில நாளைக்கு அந்த ஒன்றுக்குத் துணையாக இன்னொன்று. நாலாம் மாடி அது. கீழே ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். புகை கடலுக்குப் போகிறது, யாருக்கு என்ன நட்டம் என்பது அவருடைய நியாயம். அந்த நேரத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் என்பதை வெள்ளவத்தையில் உடுப்புக் காயப்போடும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். அவர் யாரையும் கேட்கவில்லை. புகை கடல் பக்கம் ஒரு முழம் போகும், திரும்பும், படுக்கையறை ஜன்னலால் உள்ளே வரும், அவருடைய மனைவி உம்மு குல்தூமின் நெஞ்சில் ஏறிக் குந்திக்கொள்ளும்.

உம்மு குல்தூமுக்குச் சிறு வயதிலிருந்தே முட்டு வருத்தம். ஆஸ்துமா என்று டொக்டர்மார் சொல்வார்கள், முட்டு என்று அவள் சொல்வாள். பெயர் எதுவானாலும் மூச்சு உள்ளே போகும், வெளியே வரத்தான் அடம்பிடிக்கும். பல வருடம் அடங்கிக் கிடந்தது, ஹாஜியார் ஹாஜியாராகி வந்த காலத்திலிருந்து மறுபடியும் தலைதூக்கியது.

சரி, புகையை விடுங்கள், வாடை என்று ஒன்று இருக்கிறதே. ஹாஜியார் அதற்கும் வழி கண்டார். வியாழன் அந்தி மஃரிபுக்கு மட்டும் போட்டுவந்த சாம்பிராணியை நாள்தோறும் போடத் தொடங்கினார். சட்டியை ஏந்திக்கொண்டு ஸலவாத்துச் சொல்லியபடி அறை அறையாகப் போவார். கதவு வழியே அதைக் கண்ட பக்கத்து வீட்டு யோகேஸ்வரி ரீச்சர், "உங்கட அவருக்கு எவ்வளவு பக்தி" என்று மெச்சினார். உம்மு குல்தூம் இருமிக்கொண்டே தலையாட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். புகையைப் புகையில் மறைத்தவர் இவர் ஒருவர்தான்.

மகள் நஸ்லாதான் உம்மாவை நெஞ்சு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நஸ்லாவுக்கு ஒரு வங்கியில் வேலை. வீட்டிலும் அதே முகம்தான், எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பாள். ஹாஜியாரும் கூடப் போனார், போகாவிட்டால் சந்தேகம் வருமே.

டொக்டர் துஷாந்தினி முதலில் உம்மு குல்தூமிடம் முட்டுக்கு வாயில் அடிக்கும் பம்பை அடித்துக் காட்டச் சொன்னார். அவள் பிஸ்மி சொல்லி, வாயைத் திறந்து, நாக்கில் ஒரு அடி அடித்து, வாயை மூடிச் சப்புக்கொட்டினாள்.

"அன்ரி, இது ருசி பாக்கிற மருந்தில்லை" என்றார் டொக்டர். "நெஞ்சுக்குள்ள போகவேணும். இந்த பிளாஸ்டிக் குழாயில பொருத்தி, வாயை இறுக்கி வைச்சு, ஆறுதலா இழுங்கோ. அது சரி, இந்த நீல பம்ப் முட்டு வரேக்க எடுக்கிறது. மண்ணிற பம்ப் ஒண்டு தந்திருப்பினமே, அது எங்க?"

"அது பெட்டியோட ஈக்கி டொக்டர். பழகிப் போய்டும்டு பயத்தில தொடல்ல."

"சோறு பழகிப் போகுமெண்டு சாப்பிடாம விட்டனீங்களோ? அதுதான் முட்டு வராம காக்கிறது. சுகமா இருந்தாலும் காலையும் பின்னேரமும் எடுக்கவேணும். எடுத்திட்டு வாயைக் கொப்பளியுங்கோ." பிறகு எழுதிக்கொண்டே கேட்டார். "வீட்டில ஆரும் சிகரட் குடிக்கிறவையோ?"

கேள்வி உம்மு குல்தூமைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. பதில் ஹாஜியாரிடமிருந்து வந்தது.

"எங்கட வீட்லயா? அஸ்தஃபிருல்லாஹ். நான் அத மக்காவில உட்டுட்டு வந்தீக்கிறன் டொக்டர்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். அவனும் கேட்ட பிறகுதான் சொன்னான், இவரையோ யாரும் கேட்கவே இல்லை. உம்மு குல்தூம் திரும்பி அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையில் போட்டிருந்த சால்வையைச் சரிசெய்தாள்.

"அப்ப வேற ஏதோ ஒண்டு கிளப்புது" என்றார் டொக்டர். "சாம்பிராணி, நுளம்புக்குக் கொளுத்திற திரி ரெண்டையும் இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. மற்றதை ஒவ்வொண்டா வெளியில எடுத்துப் பாருங்கோ. எது போனா முட்டு குறையுதெண்டு தெரியவரும்."

அன்றே சாம்பிராணிச் சட்டி அலுமாரிக்கு மேல் ஏறியது. ஹாஜியாருக்கு மறைப்பு போயிற்று, ஆசை போகவில்லை. ஏலக்காய் மெல்லத் தொடங்கினார். அவர் ஹோலுக்குள் நடந்தால் ஏலம் போட்ட வட்டிலப்பம் நடந்து போவதுபோல இருந்தது.

நஸ்லா வழக்கு விசாரணையைத் தொடங்கினாள். முதலில் தலையணைகள். உம்மு குல்தூமின் கல்யாணத்துக்கு அவளுடைய உம்மா இலவம் பஞ்சு அடைத்துக் கொடுத்தவை. ஹாஜியார் முந்திக்கொண்டு, "பஞ்சுதான் மகள், பஞ்சுத் தூசு பொல்லாதது" என்று சாட்சி சொன்னார். அவருடைய அண்ணன் மகன் நப்ரீஸ் த்ரீவீல் ஓட்டுகிறவன், அவன் வந்து தலையணைகளை ஏற்றிக்கொண்டு போனான். உம்மு குல்தூம் வாசலில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, "நீங்க ஏதும் செல்லணுமா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"நான் என்னத்தச் செல்ல? ஒன்ட சொகம்தான் பெரிசு" என்றார் அவர்.

அடுத்தது ஹோலில் கிடந்த கம்பளம். அதற்குப் பிறகு ஜன்னல் திரைகள். ஒவ்வொன்றும் வெளியேறும்போது அவள் அதே கேள்வியைக் கேட்டாள், அவர் அதே பதிலைச் சொன்னார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் ஓநாய்க்கு உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தாமல் இல்லை, சத்தியமாக. அந்த உறுத்தலைத் தணிக்க அவருக்குத் தெரிந்த வழி பல்கனியில் இருந்தது.

மண்ணிற பம்ப் வேலை செய்தது. காலையில் உம்மு குல்தூம் நன்றாக இருந்தாள். இரண்டு மாடி ஏறி இறங்கினாள், பாட்டுப் படிப்பதுபோல் நீட்டி முழக்கித் தங்கச்சியோடு ஃபோனில் பேசினாள். அஸருக்குப் பிறகுதான் நெஞ்சுக்குள் விசில் சத்தம் தொடங்கும்.

நஸ்லா ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் ஹோலின் நடுவே நின்று நெற்றியைத் தடவினாள். "காலைல ஒண்டுமில்ல. பகல்ல ஒண்டுமில்ல. அஸருக்குப் பொறகு இந்த வீட்ல என்ன நடக்குது?"

ஹாஜியாரின் வாயில் ஏலக்காய் நின்றுவிட்டது. எவனாவது ஒருவன் கிடைக்கவேண்டும், அதுவும் உடனே. அந்த நேரம் பார்த்து, வெள்ளையும் வெளிறிய செம்மஞ்சளும் கலந்த வீட்டுப் பூனை பலூடா, ஊர் சுற்றிவிட்டு வந்து, வாலை உயர்த்திக்கொண்டு ஹோலைக் கடந்து, உம்மு குல்தூமின் மடியில் ஏறிச் சுருண்டது.

"பூன" என்றார் ஹாஜியார். "ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்குத்தான் வருது. பாத்தியா மகள், இந்த நேரத்துக்குத்தான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சொல்லிவிட்டு அவர் பூனையின் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். பலூடா அந்த வீட்டுப் பூனை மட்டுமில்லை. மகன் கல்யாணம் முடித்துத் தெஹிவளைக்குப் போன பிறகு உம்மு குல்தூம் மனம்விட்டுப் பேசுவது அதோடுதான். கறிக்கு உப்பு கூடினதையும், ஃபோன் எடுக்காத மகனையும், ஏன், ஹாஜியாரைப் பற்றிய குறைகளையும் அதனிடம்தான் சொல்வாள். அது கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கும்.

"பலூடாவயா?" என்றாள் உம்மு குல்தூம். கை பூனையின் முதுகில் அப்படியே நின்றது. "இது போனா இந்த வீட்ல என்னோட பேச ஆரு ஈக்கி?"

"உம்மா, ஒங்கட மூச்சா, பூனயா?" என்றாள் நஸ்லா. அவளும் குனிந்து அதன் காதைத் தடவினாள். ஆனால் ஆதாரம் ஆதாரம்தானே.

உம்மு குல்தூம் புருஷனைப் பார்த்தாள். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தாள். "நீங்க ஏதும் செல்லணுமா?"

ஹாஜியார் வாயைத் திறந்தார். பள்ளிவாசல் ஞாபகம் வந்தது. உதாரணம் ஞாபகம் வந்தது. "பேலியகொட மீன் மார்க்கட்டுக்குக் கொண்டு போய் உட்டா அதுக்குச் சொர்க்கம்" என்று சொல்லி வாயை மூடினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கொண்டுபோவது என்று முடிவாயிற்று. ஹாஜியார் புதன்கிழமை காலி வீதிக்குப் போய், மூடி வைத்த பிரம்புக் கூடை ஒன்று வாங்கி வந்தார். உம்மு குல்தூம் அதைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

"நல்ல கூடை" என்றாள்.

வியாழக்கிழமை அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அஸர் தொழுதார், ஆனால் தொழுகையில் பூனைதான் வந்தது. பல்கனிக்குப் போய் முக்காலியில் குந்தினால் அந்தப் பூனையே வந்துவிட்டது. மெஷின் மேல் ஏறி, முன்னங்காலை மடக்கி, அவருடைய முகத்துக்கு நேரே உட்கார்ந்தது. பூனைக்கு எல்லாம் தெரியும். நாள்தோறும் பார்க்கிற ஒரே சாட்சி அதுதான், வாய்தான் இல்லை.

"பேலியகொடைல சூர ஈக்கி" என்று அவர் அதற்கு ஆறுதல் சொன்னார். "அறக்குளா ஈக்கி. இங்க ஒனக்கு என்ன, நெத்தலித் தலதானே."

பூனை கண்ணை இமைத்தது. அவர் முதலாவதை முடித்து இரண்டாவதைப் பற்றவைத்தார். பூனை முகத்தைத் திருப்பவில்லை. மூன்றாவதையும் பற்றவைத்தார். அன்று கடலில் அலை பெரிது, காற்றும் பெரிது. புகை வாயிலிருந்து வந்த கையோடு ஜன்னலுக்குள் பறந்தது. அப்போதுதான், முதல் தடவையாக, அது எங்கே போகிறது என்று அவர் பார்த்தார்.

உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது.

உம்மு குல்தூம் கட்டில் விளிம்பில் இருந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தாள், தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. தண்ணீர்க் கிளாஸ் தரையில் நொறுங்கிக் கிடந்தது. "பம்..." என்றாள். மிச்ச எழுத்து வரவில்லை. அன்று நேரத்தோடு வங்கியிலிருந்து வந்திருந்த நஸ்லா ஓடிவந்து நீல பம்பைக் குழாயில் பொருத்தி, ஒன்று கொடுத்து, மூச்சு விடவிட்டு, இன்னொன்று கொடுத்தாள். இன்னும் கொடுத்தாள். முட்டு தணியவில்லை, விசில் சத்தம் மட்டும் அடங்கிப் போயிற்று, உதடு நிறம் மாறியது. சத்தம் போவது நல்லதில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தது நஸ்லாவுக்கு ஞாபகம் இருந்தது. "வாப்பா, நப்ரீஸ கூப்பிடுங்க. சுருக்கா."

ஹாஜியாருக்கு அப்படியொரு பயம் முன்பு வந்ததில்லை. யா அல்லாஹ், இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறொன்றும் மண்டையில் ஓடவில்லை. த்ரீவீலில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். காலி வீதி நெரிசலில் நப்ரீஸ் ஹோர்ன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பாதி வழியில் உம்மு குல்தூம் சிகரட் மணந்த அவருடைய விரல்களிலிருந்து முகத்தை விலக்கி, காற்று வரும் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளைச் சாய்த்து இருத்தி, ஒட்சிசனோடு மருந்தைப் புகையாக்கி மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க் ஒன்றைப் போட்டார்கள். அவள் ஏதோ சொல்ல முயன்றபோது தாதி, "கதா கரன்ன எபா, அம்மா" என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். பேசக்கூடாது. நஸ்லா மருந்தெடுக்கக் கீழே போனாள். மருந்து மெஷின் இரைந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தோள்கள் இறங்கின, உதட்டில் நிறம் வந்தது. ஹாஜியார் மூச்சு விட்டார்.

மூச்சு வந்ததும் அவருடைய புத்தியும் வந்தது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து உம்மு குல்தூம் வாய் திறக்க ஏலாத ஒரு நேரம் அவருக்குக் கிடைத்ததே இல்லை. சொல்வதென்றால் இப்போதே சொல்லிவிடவேண்டும்.

"கேட்டியா" என்று அவர் தொடங்கினார். "இந்தக் கடல் காத்து ஈக்கே, அது ஒரு மாதிரிக் காத்து."

மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன.

"அந்தப் பூன பாவம். நான் என்ன செல்ல வாரன்டா... தலாணியும் பாவம்தான். கம்பளமும் பாவம். பல்கனில நான் சும்மா ஈந்தன், சும்மா ஈக்கக்கொள்ள, ஒண்டு... ஒண்டுதான், சில நேரம் ரெண்டு. இண்டைக்கு மூணு." தொண்டையைச் செருமினார். "மக்காவில உட்டது மெய்தான். இங்க வந்து திரும்பப் புடிச்சிட்டன். பூனக்கு ஒண்டும் தெரியாது. நான்தான்."

கண்கள் இமைக்கவில்லை. மருந்து முடிந்தது. தாதி வந்து மாஸ்க்கைக் கழற்றி, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, கொஞ்சம் பொறுத்து மருந்தை இன்னொரு தரம் பிடிக்கவேண்டும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனாள். ஹாஜியார் திட்டு வாங்கத் தயாராகக் குனிந்தார்.

"தெரியும்" என்றாள் உம்மு குல்தூம்.

"என்ன தெரியும்?"

"எல்லாம். ஹஜ்ஜுக்குப் போய் வந்த மாசத்திலயே தெரியும். ஒங்கட சட்டைய மெஷின்ல போட முந்தி... பொக்கட்டுல கை போடுறது நான்." ஒரு மூச்சு இழுத்தாள். "ஏலக்கா வேற."

"தெரிஞ்சா ஏன் செல்லல்ல?"

"ஒங்கட வாயால வரும்டு பாத்தன். ஊரே ஒங்கள மெச்சுது, நான் என்னத்துக்கு ஒடைக்கிற? தலாணி போகக்கொள்ள கேட்டன். வரல்ல. கம்பளம் போகக்கொள்ள கேட்டன். வரல்ல. பூனயெண்டா கட்டாயம் வரும்டு நெனச்சன்." இன்னொரு மூச்சு. "நீங்க போய்க் கூடை வாங்கிட்டு வந்தீங்க. மூடியோட."

ஹாஜியாருக்கு வெட்கத்தில் காது எரிந்தது. எரிந்துகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. அவளும் வாயோரத்தால் சிரித்ததுபோலத் தெரிந்தது. அந்த நேரம் நஸ்லா மருந்துப் பையோடு வந்தாள்.

"மகளுக்கு நீங்களே செல்லுங்க" என்றாள் உம்மு குல்தூம்.

"பூன போகத் தேவல்ல, மகள்" என்றார் அவர். "நான்தான்."

"நீங்கதான் என்ன, வாப்பா?"

"அஸருக்குப் பொறகு."

நஸ்லா உம்மாவைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள். எல்லாம் விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் பையைக் கட்டிலில் வைத்தாள். "அப்ப நாளைக்குப் பேலியகொடைக்கு நீங்க போங்க" என்றாள். அடுத்த கட்டிலில் இருந்த கிழவர் தமிழ் தெரிந்தவர்போல, போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு குலுங்கினார்.

ஹாஜியாருக்கு ஏதோ பெரிய சுமை இறங்கிய மாதிரி இருந்தது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை மாதம் ஒளிந்து திரிந்தோம்? உற்சாகம் வந்துவிட்டது அவருக்கு. உற்சாகம் வந்தால் மனிதர் நாக்கை அடக்கத் தெரியாதவர்.

"வல்லாஹி, இனித் தொடமாட்டன்" என்றார். "கேட்டியா, எனக்கு மனசு எவ்வளவு எளகினதுண்டா, இண்டைக்கு அது மெஷினுக்கு மேல குந்தி என்னயே பாத்துக்கிட்டு ஈந்துச்சி. அந்த வாயில்லாச் சீவன்ட முகத்த பாத்ததுக்குப் பொறகு என்னால ஏலல்ல. செல்லிட்டன்."

உம்மு குல்தூமின் வாயோரத்திலிருந்து சிரிப்பு போய்விட்டிருந்தது.

"பூனட முகத்த ஒரு நாள் பாத்தீங்க, வாய் வந்துச்சி" என்றாள். "என்ட முகத்த எத்தின மாசமாப் பாத்தீங்க?"

தாதி மறுபடியும் வந்து மருந்தை ஊற்றினாள். உம்மு குல்தூம் மாஸ்க்கைத் தானே வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். மெஷின் இரையத் தொடங்கியது. இப்போதும் அவளால் பேச ஏலாது. ஹாஜியார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் கட்டிலோரத்தில் நின்றார், வாயை இரண்டு தடவை திறந்தார், ஒரு வார்த்தையும் வரவில்லை.